கண்ணுக்குத் தெரிகிற மஞ்சள்

ஜனவரி 11

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணனும் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? கனமான இரும்புக் கேட்டையெல்லாம் நீயே தூக்கிக்கொண்டு திரியாதே என்று எத்தனை தடவை சொல்வது.

போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தைத் தேடுகிறாள் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உன் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். பார்சலோடு நாலு வரி எழுதி வைப்பதுதான் எனக்கு வசதி.

பார்சலைப் பிரித்துவிட்டு அலறாதே. உள்ளே இருப்பவை நம் காரின் பிரேக் காலிப்பர்கள், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு. சக்கரத்துக்குள் இருக்கும் தட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும் இரும்புக்கு இப்படி ஒரு பெயர் உண்டு என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். எங்கள் தெரு மெக்கானிக் கழற்றிக் காட்டினார். நான்கும் துரு ஏறி, அடுப்பில் கிடந்த கட்டை மாதிரி இருந்தன. 'இதுக்கு பவுடர் கோட்டிங் போட்டா சாகிற வரைக்கும் துரு பிடிக்காது' என்றார். கோட்டிங் போடுகிற நாத்தனாரைக் கையில் வைத்துக்கொண்டு நான் வேறு யாரிடம் போவேன்?

வேலைக்காலம் முழுக்க ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்கு, வண்டியைத் தவிர வேறு எதைப் பரிசாகக் கொடுத்தாலும் பிடிக்காது. அதனால் இது என் பரிசு. கறுப்பே போதும்.

அவசரமே இல்லை. உன் மற்ற வேலைகளையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக எடுத்துக்கொள். கார் சக்கரம் இல்லாமல் மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. நிற்கட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணி


ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் இருவர் நலமும் அறிந்து மகிழ்ச்சி. என் முதுகு என் பேச்சைக் கேட்கிறது, நான்தான் அதன் பேச்சைக் கேட்பதில்லை.

அவசரம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அண்ணன் காருக்கு வேலை செய்ய நான் அவரை வரிசையில் நிற்க வைப்பேனா? கேண்டீன் நாற்காலிகளுக்கு ஆர்டர் கொடுத்தவர் தினமும் வந்து வாசலில் நிற்கிறார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டு உங்கள் பார்சலைத்தான் எடுத்தேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள், சும்மா பெயின்ட் அடித்து அனுப்பவில்லை. உள்ளே இருந்த பிஸ்டன், ரப்பர் எல்லாவற்றையும் காற்றழுத்தம் கொடுத்துக் கழற்றினேன். பவுடரை உருக்கி இரும்பில் பிடிக்க வைக்கிற ஓவன் சூட்டில் ரப்பர் கருகிவிடும். பிறகு கரகரப்பான தூளைப் பீய்ச்சி, வெள்ளி மாதிரி ஆகும்வரை துருவை எடுத்தேன். இந்த வார்ப்பிரும்பு பழைய எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். அப்படியே கோட்டிங் போட்டால் சூட்டில் கொப்புளம் வரும். அதனால் வெறுமனே ஒரு தடவை சுட்டு, குடித்ததையெல்லாம் கக்க வைத்தேன். பிஸ்டன் போகிற துளைகளை அடைத்து, திருகு மரைகளில் டேப் ஒட்டி, அதற்குப் பிறகுதான் பவுடர் துப்பாக்கியைத் தொட்டேன். மின்சாரம் ஏறிய பவுடர் இரும்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

புது ரப்பர் போட்டு, பிஸ்டனையும் பூட்டி அனுப்பியிருக்கிறேன். மெக்கானிக் அப்படியே மாட்டலாம். கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது. ஒரு குறை சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அண்ணன் வழக்கம் போல 'நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்' என்று வைத்துவிட்டார். காரில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாவது கொஞ்சம் பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சின்னவள்


பிப்ரவரி 15

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம்.

பார்சல் வந்தது. இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் நினைக்கவில்லை. கோபப்படாதே, நான்கையும் திருப்பி அனுப்புகிறேன். கறுப்பு அவ்வளவாக எடுக்கவில்லை. சக்கரத்துக்குள் இருப்பதே தெரியவில்லை. வேறு ஏதாவது நிறம் போட முடியுமா?

இந்தத் தடவையாவது மெதுவாகச் செய். நாற்காலிக்காரரை முதலில் அனுப்பிவிடு, பாவம்.

உன் அண்ணி


பிப்ரவரி 23

அண்ணிக்கு,

நான் நலம். கறுப்பு என்று சொன்னது நீங்கள்தான். போட்ட கோட்டிங்கை உரிப்பது போடுவதைவிடப் பெரிய வேலை. மருந்தில் ஊற வைத்து, சுரண்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வேறு ஆளாக இருந்தால் பார்சலைப் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன்.

இத்துடன் நிற மாதிரிகள் வைத்திருக்கிறேன். சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். நீங்கள் சொல்ல வேண்டாம். அண்ணனே பார்த்து எடுக்கட்டும். எடுத்த தகட்டை மட்டும் அனுப்புங்கள். அதற்குப் பிறகு மாற்றம் கிடையாது.

சின்னவள்


மார்ச் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கோபம் நியாயமானது. கோபத்தோடு கோபமாக முதுகுக்குத் தைலமும் தேய்த்துக்கொள்.

நீ சொன்னபடியே உன் அண்ணனிடம் தகடுகளைக் கொடுத்தேன். ஜன்னல் திட்டில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார். வெளிச்சம் போதவில்லை என்று திரைச்சீலையை முழுக்க விலக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்து, கழுத்தைச் சாய்த்து, கோழி பார்ப்பது போலப் பக்கவாட்டில் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

சிவப்பு, அரக்கு, பழுப்பு மூன்றையும் சேர்த்து ஓரமாகத் தள்ளினார். 'ஒரே நிறத்தை எதுக்கு மூணு தடவை அனுப்பியிருக்கா?' என்றார். நீலத்தைக் கறுப்போடு சேர்த்தார். கடைசியில், பார்த்தாலே கண் கூசுகிற அந்த மஞ்சள் இருக்கிறதே, அதை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

'இது தெரியுது' என்றார்.

'சாலையில தடுப்பு வைப்பாங்களே, அந்த மஞ்சள். வண்டிக்குப் போய் இதையா போடுவாங்க?' என்று கேட்டேன்.

'தெரியுதுல்ல. அது போதும்' என்றார்.

அதனால் அந்தத் தகட்டை அனுப்புகிறேன். மெதுவாகவே செய்.

உன் அண்ணி


மார்ச் 16

அண்ணி,

நலம் விசாரிக்கத்தான் இந்தக் கடிதம். வேறு எதற்கும் இல்லை.

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். நிறம் தேர்வு செய்ய என் பட்டறைக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள். நல்லா இருக்கு என்பார்கள், பிடிச்சிருக்கு என்பார்கள், வேண்டாம் என்பார்கள். 'தெரியுது' என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அரக்கும் சிவப்பும் அண்ணனுக்கு ஒன்றாகத் தெரிகிறதா? அண்ணன் கண்ணுக்கு என்ன?

மறைக்காமல் எழுதுங்கள்.

சின்னவள்


ஏப்ரல் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எழுத உட்காருகிறேன், எழுந்துபோகிறேன். இன்று அவர் மெக்கானிக்கோடு பேசிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

போன வருஷமே கண் டாக்டர் சொல்லிவிட்டார். பார்வையின் நடுப்பகுதி கரைந்துகொண்டே வருகிறதாம். ஓரங்கள் மட்டும் மிஞ்சுமாம். என் முகத்தை நேராகப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை தெரிகிறது என்கிறார். அதனால்தான் அந்தக் கழுத்துச் சாய்ப்பு. கண்ணாடி மாற்றிப் பயனில்லை. இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வெளியே வந்ததும் உன் அண்ணன் கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்தார். 'வீடு வரைக்கும் நான் ஓட்டறேன். யார்கிட்டயும் சொல்லாத. சின்னவகிட்ட சொல்லவே கூடாது' என்றார்.

வீடு வரைக்கும் என்றவர் மறுநாள் கடை வரைக்கும் ஓட்டினார். அப்புறம் வழக்கம் போல எல்லா இடத்துக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சிக்னல் சிவப்பு, இப்போது பச்சை, இடது பக்கம் சைக்கிள் வருகிறது என்று சொல்லிக்கொண்டே போவேன். ஏதோ ஊர்க்கதை பேசுகிற மாதிரிச் சொல்வேன். அவரும் கதை கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டு ஓட்டுவார். அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

டிசம்பரில் ஒரு நாள் கடைத்தெருவில் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துச் சாலையைக் கடந்தாள். நான் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் எங்களுக்கு நேர் முன்னால். 'நிறுத்துங்க' என்று கத்தினேன். அவர் காலின் வேகம் அப்படியேதான் இருக்கிறது, கார் நின்றுவிட்டது. மரியாதை தெரிந்த மனிதர், வழிவிட்டு நிறுத்தினார் என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். சிரித்துக் கையசைத்தாள். நான் பதிலுக்குக் கையசைப்பதைப் பார்த்து இவரும் அசைத்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, 'யாரு அது, தெரிஞ்சவங்களா?' என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அவர் நன்றாகச் சாப்பிட்டார். நான் சாவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சாவியை ஒளித்து வைக்கலாம். அவர் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவேன், என் குணம் அது. நீங்கள் இனி ஓட்டக் கூடாது என்று அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெக்கானிக்கிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர்தான் துருவைக் காட்டி இந்த யோசனை சொன்னார். காரை உன் அண்ணனிடமிருந்து பறிக்க மனமில்லாமல், பிரேக்கை மட்டும் கழற்றி உன்னிடம் அனுப்பினேன். நீ இரண்டே வாரத்தில் முடித்து அனுப்பியதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. கறுப்பு நன்றாகத்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

அவை உன்னிடமே இருக்கட்டும், சின்னவளே. ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டிரு.

உன் அண்ணி


மே 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இத்தனை மாதமாக எல்லாவற்றையும் தனியாகச் சுமந்துவிட்டு, நலம் நலம் என்றே எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

இவ்வளவு நாள் நான் எழுதாததற்குக் காரணம் கோபம். உங்கள் மேல் பாதி, அண்ணன் மேல் பாதி. கூடப் பிறந்தவளுக்குத் தெரியக் கூடாத அளவுக்குக் கண்ணில் என்ன அவமானம்? அப்புறம் யோசித்தேன். போன வருஷம் என் பட்டறையில் தீப்பிடித்ததை நான் உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே நாங்கள்.

மஞ்சள் போட்டு முடித்துவிட்டேன். அலமாரியில் வைத்தால் வாசலில் இருந்தே தெரிகிறது. வருகிறவர்கள் எல்லாம் அது என்ன என்று கேட்கிறார்கள். ஞாயிறுதோறும் அண்ணனும் கேட்கிறார். முன்பு ஒரு நிமிஷத்தில் வைக்கிறவர் இப்போது என் பட்டறையைப் பற்றியே பேசுகிறார். முதல் வாரம் பவுடர் வரவில்லை என்றேன். அடுத்த வாரம் ஓவன் பழுது என்றேன். 'உன் ஓவனும் ரிட்டயர் ஆயிடுச்சா?' என்று சிரித்தார். போன வாரம் நான் வாயைத் திறப்பதற்குள், 'சரி சரி, வரும்போது வரட்டும்' என்று சொல்லிவிட்டார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை, அண்ணி. அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் பட்டறையை அவருக்குப் பூட்டாக மாற்ற என்னால் முடியவில்லை. இவ்வளவு காலம் உயிருக்குப் போராடுகிறவர்களைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு ஓட்டிய மனிதர் அவர். நேரே சொன்னால் புரிந்துகொள்ள மாட்டாரா? பார்சலை இன்று அனுப்பியிருக்கிறேன். மாட்டுவதற்கு முன் அவரிடம் பேசுங்கள். முடியாது என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் கிளம்பி வந்து பேசுகிறேன்.

உங்கள் சின்னவள்


மே 9

சின்னவளுக்கு,

பார்சல் வந்துவிட்டது. அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். நீ வர வேண்டாம். நான் பேசுகிறேன். தீ விபத்தில் உனக்கு எங்காவது பட்டதா? அதை முதலில் எழுது.

அண்ணி


ஜூன் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

கையில் பட்ட தீக்காயம் ஆறிவிட்டது என்று நீ எழுதிய அட்டை கிடைத்தது. தழும்பு இருக்கிறதா என்று எழுதவில்லை. இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

நான் பேச வேண்டியதையெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து காலிப்பர்களை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவினார். துளை, விளிம்பு, மரை என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். 'ஒரு இடத்துலகூட பிசிறு இல்ல. நல்லா வேலை செய்யறா' என்றார். நான் அதுதான் சமயம் என்று, 'உங்க கண்ணு...' என்று ஆரம்பித்தேன்.

'மாட்டட்டும்' என்றார். 'அப்புறம் பேசலாம். ஒரு தடவை மட்டும். நம்ம தெருவோட சரி.'

மெக்கானிக் வந்து நான்கையும் மாட்டி, பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் இருந்த காற்றையெல்லாம் வெளியேற்றினார். அவரே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, பிரேக் புதுசு மாதிரி பிடிக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மெக்கானிக் காருக்கு முன்னால் நடந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் அண்ணன் முதல் கியரிலேயே தெருமுனை வரை ஓட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. முனையில் பிரேக்கை மிதித்தார். மடியில் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது, அப்படி நின்றது.

இன்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தார்.

'பிரேக் சரியில்ல' என்றார் உன் அண்ணன்.

'நல்லாத்தானே நின்னுச்சு? இப்பதான் நான் ஓட்டிப் பாத்தேன்' என்றார் மெக்கானிக்.

'உனக்கு என்ன தெரியும்? கோட்டிங் போட்டதுல பிடி மாறிப்போச்சு. என் காலுக்கு ஒத்துவரல.'

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் நல்ல மனிதர். 'ஆமா, சில பேருக்கு அப்படித்தான் ஆகும்' என்றார்.

'அப்ப என்னங்க செய்யறது?' என்று கேட்டேன்.

'பழகின காலுக்குத்தான் கஷ்டம். புதுசா கத்துக்கிற காலுக்கு ஒண்ணும் தெரியாது' என்று சாவியைக் கழற்றி என் மடியில் போட்டார். 'நீ கத்துக்க.'

கதவைத் திறந்து இறங்கி, காரின் மேல் ஒரு கையை வைத்தபடியே சுற்றி நடந்து என் பக்கம் வந்து நின்றார். நான் இறங்கி இடம் கொடுத்தேன். மெக்கானிக் என்னிடம் சாவியை வாங்கி வீடு வரை ஓட்டினார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.

ஒன்று மட்டும். உன் வேலையைத்தான் குறை சொல்கிறார். ஞாயிறு போனில் உன்னையே கேட்பார். உன் கோட்டிங்கை ஒருவர் குறை சொன்னால் நீ சும்மா இருக்க மாட்டாய் என்பதுதான் என் பயம்.

உன் அண்ணி


ஜூன் 10

அன்புள்ள அண்ணிக்கு,

தழும்பு இருக்கிறது, சின்னதுதான். நீங்கள் இருவரும் நலம் என்று இந்தத் தடவை நம்புகிறேன்.

அண்ணன் கேட்டார். எடுத்த எடுப்பிலேயே கேட்டார். 'ஏ சின்னவ, நீ போட்ட கோட்டிங்ல என் பிரேக் பிடியே மாறிப்போச்சு, தெரியுமா?'

காலிப்பரின் வெளியே போடுகிற கோட்டிங்குக்கும் பிரேக்கின் பிடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பிடி என்பது உள்ளே பிஸ்டனிலும், தட்டைக் கவ்வுகிற பேடிலும் இருக்கிறது. அங்கே ஒரு தூசு பவுடர்கூடப் படாமல் அடைத்துத்தான் நான் வேலை செய்தேன். எனக்கு அது தெரியும். அவர் எனக்கு முந்தியே பிரேக்கைப் பிரித்துப் பூட்டியவர், அவருக்கும் தெரியும்.

'ஆமாண்ணா. கொஞ்சம் கனமா விழுந்துடுச்சு. உங்க காலுக்கு ஒத்துவராதுன்னு அனுப்பும்போதே நினைச்சேன்' என்றேன்.



'பரவாயில்ல, விடு. வேலைன்னா முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும்' என்றார். பிறகு, 'கை எப்படி இருக்கு? உங்க அண்ணி சொன்னா' என்றார். அன்று அரை மணி நேரம் பேசினோம். அண்ணன் என்னிடம் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

பட்டறை தொடங்கிய நாளிலிருந்து என் வேலையை நானே குறை சொன்னது அன்றுதான். பக்கத்தில் நின்ற நாற்காலிக்காரர் தன் நாற்காலிகளைக் கவலையோடு பார்த்தார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

எப்போது ஓட்டத் தொடங்குகிறீர்கள்?

உங்கள் சின்னவள்


ஆகஸ்ட் 18

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம், உண்மையாகவே நலம். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, என் வயதில் பாதிகூட இல்லாத பெண்ணிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். தேர்வில் ஒரு தடவை தோற்றேன். இரண்டாம் தடவை, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன், ஆனாலும் தேறிவிட்டேன். உன் அண்ணனிடம் இதைச் சொல்லாதே.

டாக்டரிடம் மறுபடி போய் வந்தோம். இப்போது இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், போனது திரும்பாது என்றார். 'சின்னவளுக்குச் சொல்லிட்டியா?' என்று திரும்பி வரும்போது உன் அண்ணன் கேட்டார். 'எதை?' என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

போகும்போதும் வரும்போதும் நான்தான் ஓட்டினேன். காரை நிறுத்தும் இடத்தில் நம்முடையது எது என்று நான் தேடுவதற்குள் அவரே நடந்து போய்ச் சரியான காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஓட்டும்போதுதான் என் பாடு திண்டாட்டம். அவருக்குக் காது கூர்மை. கிளட்சை விடுகிற சத்தத்திலேயே நான் செய்யப் போகிற தப்பைக் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால் வாயைத் திறப்பதில்லை. சிக்னல் வந்தால், ஆள் குறுக்கே வந்தால், நானே பழக்கதோஷத்தில் 'சிவப்பு', 'சைக்கிள்' என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். சொன்ன உடனே, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருக்கிற அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்தி மிதிக்கிறது. நான் என்னுடையதை மிதிக்கிறேன். கார் நிற்கிறது.

உன் அண்ணி